ஏக்கருக்கு 20 டன்: டெல்டாவிலிருந்து நீட் அறிவியலுக்குத் தயாராவது

குருங்குளம் ஆலைக்குக் கரும்பு வெட்டும் வீடு ஒன்று. பன்னிரண்டாம் வகுப்புப் படிக்கும் பெண் திண்ணையில் உட்கார்ந்து உயிரியலை வாய்விட்டுப் படித்துக்கொண்டிருந்தாள். ஜிப்ரலின் என்ற வளர்ச்சி ஹார்மோனைத் தெளித்தால் கரும்பின் தண்டு நீளும், விளைச்சல் ஏக்கருக்கு 20 டன் வரை கூடும் என்ற இடம் வந்ததும் அப்பா நிமிர்ந்து பார்த்தார்.

"யாரு வயல்லம்மா? நாம மொத்தமா வெட்டுறதே நாப்பது டன்னு."

"அதெல்லாம் தெரியாதுப்பா. பரீட்சையில இருபதுன்னுதான் போடணும்."

அப்பாவின் சந்தேகம் நியாயமானது. மகள் சொன்னதும் சரி. அந்த 20 டன் என்.சி.இ.ஆர்.டி. பதினோராம் வகுப்பு உயிரியல் புத்தகத்தில் அச்சாகியிருக்கிறது. நீட் உயிரியலைப் பொறுத்தவரை அந்தப் புத்தகத்தின் வாக்கியத்துக்கு மேல் அப்பீல் கிடையாது. நெல்லும் தென்னையும் கரும்பும் சூழ வளரும் பிள்ளைக்கு இந்தத் தேர்வில் ஒரு வசதி இருக்கிறது, ஒரு வழுக்கலும் இருக்கிறது. பாடத்தில் வருவதில் பாதியை அது கண்ணால் பார்த்திருக்கும். ஆனால் பார்த்ததைப் புத்தகம் எந்தச் சொல்லால் சொல்கிறது என்பது வேறு படிப்பு.

தேர்வின் கணக்கை ஒருமுறை சொல்லிவிடுகிறேன். 180 கேள்விகள், 720 மதிப்பெண். உயிரியலுக்கு 90, இயற்பியலுக்கும் வேதியியலுக்கும் தலா 45. சரியான விடைக்கு 4 கிடைக்கும், தவறான விடைக்கு 1 கழியும். 200 கேள்வி கொடுத்து 180 எழுதினால் போதும் என்று 2021இல் வந்த சலுகை 2024உடன் முடிந்தது. அதை ஒட்டிப் பிற்பாடு சேர்த்துத் தந்த 20 நிமிடமும் போனது. 2025 முதல் 180 கேள்விக்கு 180 நிமிடம்தான். இரண்டு பேர் ஒரே மதிப்பெண் எடுத்தால் முதலில் உயிரியல் மதிப்பெண்ணைத்தான் பார்ப்பார்கள். தமிழ்நாட்டில் நுழைவுத் தேர்வு ஒழிந்ததும், 2013இல் நீட் வந்ததும், நீதிமன்றத்தில் விழுந்ததும், 2016இல் எழுந்ததும், ஓராண்டு விலக்குக்குப் பின் 2017இல் இங்கே கட்டாயமானதும் தனிக்கதை. அந்த அரசியலில் எனக்கும் கருத்து உண்டு. ஆனால் அடுத்த மே மாதம் எழுதப் போகிற பிள்ளைக்கு அது இப்போது உதவாது.

மூன்று பாடங்களும் மூன்று விதமான உழைப்பைக் கேட்கின்றன. நம் பிள்ளைகளோ மூன்றையும் ஒரே விதமாகப் படிக்கிறார்கள்: கோடு போட்டு, திரும்பத் திரும்ப வாசித்து, மூடி வைத்து ஒப்பித்து. உயிரியலுக்கு இது பெருமளவு பொருந்தும். வேதியியலில் மூன்றில் ஒரு பங்குக்குப் பொருந்தும். இயற்பியலுக்குப் பொருந்தவே பொருந்தாது.

உயிரியலை எடுத்துக்கொள்வோம். பட்டுக்கோட்டை, பேராவூரணிப் பக்கத்துப் பிள்ளைக்கு இளநீரைப் பற்றி யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. ஆனால் புத்தகம் அதைத் தாவரக் கருவூண் திசுவின், அதாவது விதைக்குள் வளரும் கருவுக்கு உணவாகும் திசுவின் உதாரணமாக வைத்திருக்கிறது. செல் சுவர் எழும்பாமல் உட்கருக்கள் மட்டும் ஆயிரக்கணக்கில் பெருகி மிதக்கும் நிலை இளநீர். அதைச் சுற்றி வெள்ளையாகப் படியும் தேங்காய், செல்களாகப் பிரிந்துவிட்ட கருவூண். இந்த இரண்டையும் இடம் மாற்றிப் போட்டுக் கேள்வி வரும். மரமேறுகிறவர் வீட்டுப் பிள்ளையும் அங்கே தவறு செய்யும்.

நெல்லும் அப்படித்தான். விதைநெல் என்கிறோம். தாவரவியல் கணக்கில் ஒரு நெல்மணி என்பது விதை மட்டும் அல்ல, கனியின் சுவரும் விதையின் உறையும் ஒட்டிப்போன முழுக் கனி. அதைத் தீட்டி, தவிட்டோடு முளைக்கருவையும் நீக்கிவிட்டு நாம் சாப்பிடுவது கருவூண். இரட்டைக் கருவுறுதலில் ஓர் ஆண் உட்கருவும் இரண்டு துருவ உட்கருக்களும் சேர்ந்து உண்டாவதால் அதற்கு மும்மடங்கு குரோமோசோம். நெல்லின் உடல் செல்லில் 24, மகரந்தத்தில் 12, கருவூணில் 36. ஆக, தட்டில் இருக்கும் ஒவ்வொரு பருக்கையும் 36 குரோமோசோம் கொண்ட செல்களால் ஆனது. இதைச் சோற்றில் கை வைக்கும்போது ஒருமுறை நினைத்துக்கொண்ட பிள்ளை பிறகு மறப்பதில்லை. இந்த எண்ணை மாற்றி மாற்றிப் பல ஆண்டுகளாகக் கேட்டுவருகிறார்கள்: இலையில் இத்தனை என்றால் கருவூணில் எத்தனை, கருவூணில் இத்தனை என்றால் முட்டை செல்லில் எத்தனை.

பொங்கல் அன்று வாசலில் ஒன்றாக நிற்கும் புதுநெல்லும் கரும்பும் ஒளிச்சேர்க்கையில் வேறு வேறு கட்சி. முதலில் உண்டாகும் பொருளில் மூன்று கார்பன் இருப்பதால் நெல் சி3, நான்கு இருப்பதால் கரும்பு சி4. நெல்லில் கார்பன் டை ஆக்சைடைப் பிடிக்கும் ருபிஸ்கோ நொதி வெயில் ஏறும்போது ஆக்சிஜனையும் பிடித்து, உழைப்பை வீணடிக்கிறது. கரும்பு அந்த நொதியை இலை நரம்பைச் சுற்றியுள்ள கற்றை உறை செல்களுக்குள் பூட்டி வைத்து, வெளியே இலையிடைத் திசுவில் பெப் கார்பாக்சிலேஸ் என்ற வேறு நொதியை வேலைக்கு விடுகிறது. சித்திரை வெயிலில் கரும்பு ஏன் அசையாமல் நிற்கிறது என்பதற்கு இது ஒரு விளக்கம். கேள்வி வருவதோ 'இலையிடைத் திசுவில் எது இல்லை' என்ற ஒற்றை வரியில். நொதி எந்த செல்லில் இருக்கிறது, முதலில் உண்டாகும் பொருள் எது, அதில் கார்பன் எத்தனை: இந்த மூன்றும் கையில் இல்லையென்றால் கரும்புத் தோட்டத்தில் பிறந்தும் பயனில்லை.

இட்லி மாவைப் பொங்க வைப்பது எது என்று கேட்டால் பாதிப்பேர் ஈஸ்ட் என்பார்கள். புத்தகத்தில் இட்லி, தோசை மாவுக்குப் பாக்டீரியா, ரொட்டிக்கு ஈஸ்ட். கேள்வித்தாளில் இரண்டும் பக்கத்துப் பக்கத்து விடைகளாக நிற்கும்.

இதனால்தான் உயிரியலில் என்.சி.இ.ஆர்.டி. புத்தகத்தை நாலைந்து முறை முழுசாக, படத்தின் கீழுள்ள குறிப்பு உட்பட வாசிக்கச் சொல்கிறார்கள். நம் மாநிலப் பாடப்புத்தகம் 2018, 2019இல் மாறியபின் நன்றாகவே இருக்கிறது. விளக்கமும் அதில் அதிகம். புரிந்துகொள்ள அதைப் படிக்கலாம். விடை எழுத, அந்த ஒல்லியான என்.சி.இ.ஆர்.டி. புத்தகத்தின் சொல்லுக்குத் திரும்பி வந்துவிட வேண்டும். இரண்டையும் சமமாகப் படிக்கிறேன் என்று கிளம்புகிறவர்கள் பெரும்பாலும் இரண்டையும் முடிப்பதில்லை.

இன்னொரு பள்ளமும் இருக்கிறது. 2023 இறுதியில் தேசிய மருத்துவ ஆணையம் பாடத்திட்டத்தைக் குறைத்தது. தாவரங்களில் கடத்தல், கனிம ஊட்டம், செரிமானம், உணவு உற்பத்தியை உயர்த்தும் உத்திகள், சுற்றுச்சூழல் பிரச்சினைகள் ஆகியவை உயிரியலில் போயின. வேதியியலில் திட நிலை, உலோகவியல், பாலிமர், புறப்பரப்பு வேதியியல் முதலியவை போயின. அண்ணனோ அக்காவோ படித்து வைத்த பழைய கைடை வைத்துக்கொண்டு, இல்லாத பாடத்துக்கு மூன்று வாரம் செலவழிக்கும் பிள்ளைகள் இன்னமும் உண்டு. எனக்கு இதில் ஒரு சின்ன வருத்தம். விடியற்காலையில் நாற்றின் நுனியில் முத்தாக நிற்பது பனி மட்டுமல்ல, வேர் அழுத்தத்தால் நெல் தானே வெளியே தள்ளிய நீரும்தான் என்பது கடத்தல் பாடத்தோடு போய்விட்டது. 1966இல் பிலிப்பைன்ஸில் உருவாகி நம் தாத்தாக்களின் சாகுபடியையே மாற்றிய ஐ.ஆர்.8 ரகம் உணவு உற்பத்திப் பாடத்தோடு போய்விட்டது. டெல்டாப் பிள்ளை யோசிக்காமலே விடை போட்டிருக்கும் இடங்கள் அவை. பதிலுக்கு, புல் குடும்பம் உள்ளிட்ட ஐந்து தாவரக் குடும்பங்களைச் சேர்த்திருக்கிறார்கள். நெல், மூங்கில், அறுகு எல்லாம் அதில்தான் வருகின்றன.

வேதியியலுக்கு ஒரு யூரியா மூட்டை போதும். ஒரு மூட்டை இப்போது 45 கிலோ. அதன் மேல் நைட்ரஜன் 46 சதவீதம் என்று போட்டிருக்கும். அந்த 46 எங்கிருந்து வந்தது? யூரியா மூலக்கூறில் ஒரு கார்பன் 12, ஒரு ஆக்சிஜன் 16, இரண்டு நைட்ரஜன் 28, நான்கு ஹைட்ரஜன் 4, ஆக மொத்தம் 60. இருபத்தெட்டை அறுபதால் வகுத்தால் 46.67 சதவீதம். ஒரு மூட்டையைப் போட்டால் வயலுக்குப் போகும் நைட்ரஜன் சுமார் 21 கிலோ. மோல் கருத்து என்ற முதல் பாடத்தின் பாதி இதற்குள் இருக்கிறது.

அதே யூரியாவைத் தண்ணீரில் கரைத்தால் மூலக்கூறு பிரியாது. சமையல் உப்பு இரண்டாகப் பிரியும். எனவே ஒரு கிலோ தண்ணீரில் ஒரு மோல் யூரியா கரைந்தால் உறைநிலை 1.86 டிகிரி குறையும். ஒரு மோல் உப்பு முழுதாகப் பிரிந்தால் 3.72 டிகிரி. கரைசல்கள் பாடத்தில் தேர்வாளர்களுக்கு மிகவும் பிடித்த ஒப்பீடு இது. 1828இல் வோலர் அம்மோனியம் சயனேட்டைச் சூடாக்கி யூரியாவைச் செய்துகாட்டியதில்தான், உயிருள்ளவைதான் கரிமப் பொருளைத் தரும் என்ற நம்பிக்கை உடைந்தது. அது கரிம வேதியியலின் முதல் பக்கம். யூரியாவுக்கு மூலப்பொருளான அம்மோனியாவைத் தயாரிக்கும் ஹேபர் முறையில் வெப்பநிலையைக் கூட்டினால் என்ன, அழுத்தத்தைக் கூட்டினால் என்ன என்பது சமநிலைப் பாடம். நம் உடம்பு நைட்ரஜன் கழிவை யூரியாவாக வெளியேற்றுவது உயிரியலில் கழிவு நீக்கம். கொல்லையில் சாய்த்து வைத்த ஒரு மூட்டையிலிருந்து ஐந்து பாடம்.

வேதியியலில் இயற்பிய வேதியியல் கணக்கு, கனிம வேதியியல் மனப்பாடம், கரிம வேதியியல் காரணம். எலக்ட்ரான் எங்கே அதிகம், எங்கே குறைவு, எது எதைத் தேடிப் போகிறது என்று பார்க்காமல் கரிம வினைகளை ஒப்பிப்பது வேரில்லாத நாற்றை நடுகிற மாதிரி. பத்து நாள் பச்சையாக இருக்கும், அவ்வளவுதான். செலவழிக்கும் நேரத்துக்கு அதிக மதிப்பெண் திருப்பித் தருவது வேதியியல்தான் என்பது என் எண்ணம்.

இனி இயற்பியல். மருத்துவம் படிக்க ஆசைப்படும் பிள்ளை உயிரியலை விரும்பி எடுத்திருக்கும். "பிசிக்ஸை அப்புறம் பாத்துக்கலாம் சார்" என்று கார்த்திகை வரைக்கும் தள்ளும். 2025 தேர்வில் இயற்பியல் கடுமையாக இருந்தது. அந்த ஆண்டு நாட்டிலேயே முதலிடம் பெற்ற மதிப்பெண் 686. அதற்கு முந்தைய ஆண்டு முழு 720 எடுத்தவர்கள் பலர். தள்ளிப்போட்டவர்களுக்கு எங்கே அடி விழுந்தது என்று சொல்லத் தேவையில்லை.

ஒரு பம்பு செட்டை வைத்து ஆரம்பிக்கலாம். 5 குதிரைத்திறன் மோட்டார். ஒரு குதிரைத்திறன் 746 வாட், ஆக 3,730 வாட். தண்ணீரை 10 மீட்டர் ஏற்றுகிறது, அதில் பாதித் திறன்தான் பயனாகிறது என்று வைப்போம். விநாடிக்கு எத்தனை லிட்டர் வரும்? பயன்படும் திறன் 1,865 வாட். ஒரு லிட்டர், அதாவது ஒரு கிலோ தண்ணீரைப் 10 மீட்டர் ஏற்ற 100 ஜூல். எனவே விநாடிக்குச் சுமார் 18.6 லிட்டர். ஓர் ஏக்கர் என்பது ஏறக்குறைய 4,047 சதுர மீட்டர். 5 சென்டிமீட்டர் தண்ணீர் கட்ட வேண்டுமென்றால் 2,02,000 லிட்டருக்குக் கொஞ்சம் மேல் வேண்டும். வகுத்துப் பார்த்தால் மூன்று மணி நேரம். இதை அப்பாவிடம் கேட்டால், "மூணு மணி நேரம் ஓடணும்" என்று கணக்கே இல்லாமல் சொல்வார். வேலை, ஆற்றல், திறன் என்ற பாடத்தில் வரும் கேள்வி இதைவிடப் பெரிதாக இருக்காது.

இதே மோட்டாரில் அடுத்த கேள்வி. முன்பெல்லாம் நிலத்தடி நீர் இறங்க இறங்க, கிணற்றுக்குள் பள்ளம் தோண்டி மோட்டாரைக் கீழே இறக்கினார்கள். ஏன்? மேலே இருக்கும் மோட்டார் தண்ணீரை இழுப்பதில்லை. குழாய்க்குள் காற்றழுத்தத்தைக் குறைக்கிறது, வெளியே உள்ள காற்றழுத்தம்தான் தண்ணீரைத் தள்ளுகிறது. வளிமண்டல அழுத்தத்தை நீரின் அடர்த்தியாலும் புவியீர்ப்பு முடுக்கத்தாலும் வகுத்தால் 10.3 மீட்டர். எவ்வளவு பெரிய மோட்டார் போட்டாலும் அதற்கு மேல் உறிஞ்ச முடியாது. நடைமுறையில் ஏழெட்டு மீட்டரிலேயே திணறும். நீருக்குள் மூழ்கி நின்று கீழேயிருந்து தள்ளும் சப்மெர்சிபிளுக்கு இந்த எல்லை இல்லை. தஞ்சாவூர்த் தலையாட்டி பொம்மை ஏன் விழுவதில்லை என்பதும் இதே மாதிரிதான். சாய்த்தால் நிறை மையம் உயர்கிறது, நிலை ஆற்றல் கூடுகிறது, அதனால் திரும்பி வருகிறது. உறுதிச் சமநிலைக்கு இதைவிட நல்ல படம் எந்தப் புத்தகத்திலும் இல்லை.

உயிரியலில் வயல் அறிவைப் புத்தகச் சொல்லுக்குக் கட்டுப்படுத்தி வைக்க வேண்டியிருந்தது. இயற்பியலில் அதற்கு நேர்மாறு. புத்தகச் சூத்திரத்தை வயலுக்குக் கொண்டுபோனால்தான் கை படியும். தினம் பதினைந்து கணக்கு, வேறு எந்தப் பாடத்தைத் தொடுவதற்கும் முன்னால், விடையைப் பார்க்காமல். கால்குலேட்டர் கிடையாது, மடக்கை அட்டவணை கிடையாது என்பதால் பெருக்கல் வகுத்தலைக் கையாலேயே செய்து பழக வேண்டும். பத்தாம் வகுப்பிலேயே கால்குலேட்டருக்குப் பழகிவிட்ட பிள்ளை 3,730ஐ இரண்டால் வகுக்கத் தயங்குவதைப் பார்த்திருக்கிறேன். அலகைச் சரிபார்க்கும் பழக்கமும் வேண்டும். நான்கு விடைகளில் இரண்டைப் பரிமாணமே தள்ளிவிடும் சமயங்கள் உண்டு.

தெரியாத கேள்வியைத் தொடலாமா என்று எல்லாரும் கேட்கிறார்கள். கணக்காகப் பார்த்தால் கண்ணை மூடிக்கொண்டு ஒன்றைத் தொட்டாலும் சராசரியாகக் கால் மதிப்பெண் லாபம். நாலு முறையில் ஒருமுறை 4 வரும், மூன்றுமுறை 1 போகும். இரண்டு விடைகளை உறுதியாக நீக்கிவிட்டால் சராசரி லாபம் ஒன்றரை. ஆனால் யாரும் உண்மையில் கண்ணை மூடுவதில்லை. அரைகுறையாகத் தெரிந்த பிள்ளையின் கை, அதற்கென்றே வைத்த தவறான விடையை நோக்கித்தான் போகும். இட்லிக்கு ஈஸ்ட் மாதிரி. இரண்டையாவது நீக்க முடிந்தால் எழுதலாம், இல்லையென்றால் விட்டுவிடலாம் என்பது நான் சொல்வது.

தமிழ்வழிப் பிள்ளைகளுக்கு ஒரு வார்த்தை. தமிழைத் தேர்ந்தெடுத்தால் வினாத்தாளில் ஆங்கிலமும் சேர்ந்தே இருக்கும். இரண்டும் முரண்பட்டால் ஆங்கிலமே செல்லும். 2018இல் 49 கேள்விகளின் தமிழாக்கத்தில் பிழை என்று வழக்குப் போய், மதுரைக் கிளை 196 மதிப்பெண் தரச் சொன்னது. உச்ச நீதிமன்றம் அதை ரத்து செய்துவிட்டது. எனவே நீதிமன்றத்தை நம்பாமல் இரண்டு சொல்லையும் கற்பதே பாதுகாப்பு. உந்தம் என்றால் மொமெண்டம், திருப்பு விசை என்றால் டார்க், நிலைமத் திருப்புத்திறன் என்றால் மொமெண்ட் ஆஃப் இனர்ஷியா. மொமெண்டமும் மொமெண்டும் ஒன்றல்ல என்பது தமிழில் தெளிவாகத் தெரியும். ஆங்கிலத்தில்தான் குழம்பும். நோட்டின் ஓரத்தில் இப்படிப் பாடத்துக்கு இருபது சொல் எழுதினால் போதும். அரசுப் பள்ளியில் படித்தவர்களுக்கு 2020 முதல் மருத்துவ இடங்களில் 7.5 சதவீத உள் ஒதுக்கீடும் இருக்கிறது. அவர்கள் குறிவைக்க வேண்டிய மதிப்பெண்ணை நகரத்துப் பயிற்சி மையத்தின் விளம்பரப் பலகையைப் பார்த்து முடிவு செய்யக் கூடாது.

கேள்விகளில் ஏறக்குறைய பாதி பதினோராம் வகுப்பிலிருந்து வரும். ஒரு காலத்தில் பல பள்ளிகள் அந்த வருஷத்தையே தாண்டிக் குதித்து, பன்னிரண்டாம் வகுப்புப் பாடத்தை இரண்டு வருஷம் நடத்தின. 2017-18இல் பதினோராம் வகுப்புக்குப் பொதுத்தேர்வு வந்ததும் அது கொஞ்சம் அடங்கியது. இப்போது அந்தப் பொதுத்தேர்வை 2025-26 முதல் எடுத்துவிட்டார்கள். பிள்ளைக்குச் சுமை குறையும், நல்லதுதான். பழைய வழக்கம் திரும்பாமல் பார்த்துக்கொள்ள வேண்டியது பெற்றோர் பொறுப்பாகிவிட்டது.

காலத்தைத் திட்டமிடும்போது டெல்லியில் அச்சடித்த அட்டவணை நமக்குப் பொருந்தாது. ஐப்பசி, கார்த்திகையில் மழை விடுமுறை, மின்வெட்டு. 2018 நவம்பரில் கஜா புயல் அடித்தபோது வேதாரண்யம் பக்கம் வாரக்கணக்கில் கரண்ட் இல்லை. இணைய வகுப்பை மட்டும் நம்பியிருப்பவருக்கு அந்த மாதங்கள் வெறுமைதான். தையில் சம்பா அறுவடை, அடுத்து செய்முறைத் தேர்வு, மார்ச்சில் பொதுத்தேர்வு. ஆகவே தடையில்லாமல் கிடைப்பது குறுவைக் காலம்தான். ஜூன் 12இல் மேட்டூர் திறக்கும் நாளை ஒட்டித் தொடங்கி செப்டம்பர் முடிவதற்குள் பதினோராம் வகுப்பு இயற்பியலையும் வேதியியலையும் கணக்கோடு முடித்துவிட்டால், மழை மாதங்களில் உயிரியல் புத்தகம் ஒன்று போதும். அதற்குக் கரண்டும் வேண்டாம், சிக்னலும் வேண்டாம்.

மாதிரித் தேர்வை எல்லாரும் விடியற்காலையில் எழுதிப் பார்க்கிறார்கள். உண்மைத் தேர்வு மே மாதத்தில் மதியம் 2 மணி முதல் 5 மணி வரை. நம் ஊரில் சோறு சாப்பிட்டுக் கண் சொக்கும் நேரம் அது. ஞாயிற்றுக்கிழமைதோறும் அந்த மூன்று மணி நேரத்தில், கையில் கடிகாரம் கட்டாமல், உயிரியலுக்கு 50 நிமிடம், வேதியியலுக்கு 50, இயற்பியலுக்கு 65 என்று பிரித்து, விடைத்தாளில் வட்டம் நிரப்பவும் சரிபார்க்கவும் கால் மணி நேரம் ஒதுக்கி எழுதிப் பழக வேண்டும். முதல் இரண்டு வாரம் நாலு மணிக்குமேல் தலை தொங்கும். மதியச் சாப்பாட்டில் ஒரு கரண்டி சோற்றைக் குறைத்துப் பார்க்கலாம்.